கொடி கோடியாகாமல் இருக்க: கவிதையைப் பாட்டாக்கும் வழிகாட்டி

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. ஒரு வருடம் எங்கள் குடியிருப்புப் பேட்டைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, நான் எழுதிய ஒரு சின்னக் கவிதையைப் பாட்டாகப் பாட வைத்தோம். கவிதை இதுதான்:

பத்தாவது மாடியில்
மூங்கில் கழியில்
அம்மாவின் சேலை.
மழைக்கு முன்
ஒரு கொடி
அசைகிறது.

வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. துணி காய்கிற கொடியும் அதுவே, ஆகஸ்ட் மாதம் தாழ்வாரங்களில் பறக்கிற நாட்டுக் கொடியும் அதுவே என்று இரண்டும் சேர்ந்து தோன்ற வேண்டும் என்பது என் ஆசை. அவசரத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் வரிகளைப் பொருத்திவிட்டோம். பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் என்னிடம் வந்து, “பாட்டு நல்லா இருந்துச்சும்மா. ஒரு கோடி அசையுதுன்னு பாடினாங்களே, என்ன கோடி அது?” என்று கேட்டார்.

அந்த மெட்டு ‘கொ’ வரும் இடத்தில் நீண்டு நின்றது. கொடி கோடியாகிவிட்டது. கவிதை முழுவதும் எந்தச் சொல்லை நம்பி நின்றதோ, அந்தச் சொல்லே மேடையில் இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் செய்துவருகிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முறையாகச் சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

முதல் படி: கவிதையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கவிதையும் பாட்டாக வேண்டிய அவசியம் இல்லை. தாளில் படிக்கிறவர் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். பாட்டைக் கேட்கிறவரால் அது முடியாது, பாட்டுதான் அவரிடம் திரும்பி வர வேண்டும். அதனால் நீங்கள் எடுக்கும் கவிதையில், மூன்று முறை கேட்டாலும் அலுக்காத ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பல்லவியாகும். அப்படி ஒரு வரியும் இல்லாமல், ஒவ்வொரு வரியும் அடுத்ததற்குப் படியாக மட்டும் இருக்கும் கவிதையை வாசிப்பதே அழகு. அதை விட்டுவிடுங்கள்.

இங்கே எழுதப்பட்ட கவிதைகள் வேண்டுமென்றால் தேசிய நூலகத்தில் தேடலாம். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவற்றை மின்வடிவில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அடுத்தவர் கவிதையாக இருந்தால் அனுமதி கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. 1921இல் மறைந்த பாரதியைத் தயங்காமல் எடுக்கலாம். அவர் தம்முடைய பாட்டுகள் பலவற்றின் தலைப்புக்குக் கீழேயே ராகத்தையும் தாளத்தையும் குறித்து வைத்திருக்கிறார். எழுதும்போதே காதில் ஓடிய ஓசை அது. மெட்டை மாற்ற நினைத்தாலும் அந்தக் குறிப்பை ஒரு முறை பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இரண்டாம் படி: வாய்விட்டுப் படியுங்கள்

கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் கவிதையை ஐந்து முறை சொல்லுங்கள். மேடைக் குரல் வேண்டாம். அப்புறம் கேட்டுப்பாருங்கள். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே தானாக நிற்கிறது என்பதைத் தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டுப் போடும்போது இந்தக் கோடு உதவும்.

மூன்றாம் படி: மாத்திரையை எண்ணுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். பள்ளியில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்று படித்திருப்போம். பாட்டுக்கு, சந்தக் கணக்கு இன்னும் எளிது. தனிக் குறில் ஒன்று. நெடில் இரண்டு. குறிலை அடுத்து ஒற்று, அதாவது மெய், வந்தால் இரண்டும் சேர்ந்து இரண்டு. நெடிலுக்குப் பின் ஒற்று வந்தாலும் இரண்டுதான். ஐகாரம் சொல்லின் இடையில் வந்தால் குறுகும், ஒன்று என்று வையுங்கள். சொல்லின் கடைசியில் நிறுத்திப் பாடினால் இரண்டு கொடுக்கலாம்.

என் கவிதையை எண்ணிப்பார்ப்போம். ‘பத்தாவது’ ஆறு, ‘மாடியில்’ ஐந்து. ‘மூங்கில்’ நான்கு, ‘கழியில்’ நான்கு. ‘அம்மாவின்’ ஆறு, ‘சேலை’ நான்கு. ‘மழைக்கு’ நான்கு, ‘முன்’ இரண்டு. ‘ஒரு கொடி’ நான்கு, ‘அசைகிறது’ ஐந்து.

புதுக்கவிதை என்பதால் கணக்கு ஒழுங்காக இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, ‘மூங்கில் கழியில்’ என்ற வரி மட்டும் நான்கும் நான்குமாக நிற்கிறது. அதுதான் விதை, பாட்டு அங்கிருந்து முளைக்கும். இரண்டு, ‘ஒரு கொடி அசைகிறது’ என்பதில் ஒன்பது எழுத்தும் ஒவ்வொரு மாத்திரை. ‘சை’ குறுகிவிடுவதால் நெடிலும் இல்லை, ஒற்றும் இல்லை. சொல்லிப்பாருங்கள், காற்றில் துணி படபடக்கிற வேகம் கேட்கும். நான் திட்டமிட்டு எழுதவில்லை, காட்சியே அந்த எழுத்துகளைக் கேட்டிருக்கிறது. எங்கள் பழைய மெட்டு நீண்டு நின்றது இந்த ஒன்பது எழுத்துகளின் நடுவில்தான். ஓடிக்கொண்டிருந்த வரியைப் பிடித்து நிறுத்திவிட்டோம்.

சரி, பாட்டு என்றால் நீட்டத்தானே வேண்டும்? ஆமாம். இசையில் எழுத்துகள் தம் அளவைத் தாண்டி ஒலிக்கும், ஒற்றும்கூட நீளும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. எதை நீட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் நெடிலைத் தேடுங்கள், அது எவ்வளவு நீண்டாலும் பொருள் மாறாது. நெடில் இல்லையென்றால் ஒற்றை நீட்டுங்கள். ங், ம், ன், ண், ல் போன்றவை வாய்க்குள் நின்று முனகும். ‘மூங்கில்’ என்பதில் ‘ங்’கில் நின்றுபாருங்கள், எவ்வளவு இனிமை. க், ட், த், ப் போன்ற வல்லின ஒற்றில் நிற்க முடியாது, அங்கே மூச்சே அடைபட்டிருக்கும். ஒற்றளபெடைக்கு, அதாவது மெய் நீண்டு ஒலிப்பதற்கு, உரிய மெய்களைச் சொல்லும் நன்னூலும் அந்தப் பட்டியலில் வல்லினத்தைச் சேர்க்கவில்லை. குறிலைத்தான் நீட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், சொல்லின் கடைசிக் குறிலை நீட்டுங்கள். அதற்குள் சொல் காதில் விழுந்துவிட்டிருக்கும். சொல்லின் முதல் குறிலை மட்டும் தொடாதீர்கள். கொடி கோடியாகும், விடு வீடாகும், எடு ஏடாகும், கல் காலாகும்.

நான்காம் படி: தாளம் எதுவென்று வரியைக் கேளுங்கள்

எண்ணி முடித்தால் தாளம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். மூன்று மூன்றாக விழுந்தால் திஸ்ரம், தகிட. நான்கு நான்காக விழுந்தால் சதுஸ்ரம், தகதிமி. ஐந்தென்றால் கண்டம், தகதகிட. ஏழென்றால் மிஸ்ரம், தகிடதகதிமி.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்களை எடுத்துக்கொள்வேன். தமிழில் எழுதியிருக்கிறபடி எண்ணச் சொல்வேன். பிடோக்: மூன்று. ஈசூன்: நான்கு. சிராங்கூன்: ஐந்து. அங் மோ கியோ: ஏழு. ஒவ்வொரு பெயரையும் எட்டு முறை விடாமல் சொல்லிக்கொண்டே கை தட்டினால் நான்கு நடையும் உடம்பில் ஏறிவிடும். ரயிலில் போகும்போதே பழகலாம். ஒரு பையன் பொத்தோங் பாசிர் எட்டு என்று தானாகக் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

தாளம் சூழ்நிலையையும் பொறுத்தது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில் வரை காவடியோடு நடக்கிறவர்களைப் பாருங்கள். காவடிச்சிந்து அந்த நடைக்கென்றே அமைந்த வடிவம். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடியவற்றை மெல்ல வாசித்தாலே பாதம் அசையும். தாளக்கருவி எதுவும் இல்லாமலேயே எழுத்துகள் நடக்கவைக்கும்.

ஐந்தாம் படி: கவிதை வரியைப் பாட்டு வரியாக்குங்கள்

மரபுக் கவிதை என்றால் இந்தப் படி பெரும்பாலும் தேவைப்படாது, சந்தம் ஏற்கெனவே இருக்கும். அதிலும் வெண்பாவை நான்கு நான்கு என்று தட்டிப் பாட வைப்பது கடினம். வெண்பாவுக்குரிய செப்பல் ஓசை பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது, அதைத் தாளமின்றி விருத்தம் பாடுவதுபோல் இழுத்துப் பாடிவிடலாம். புதுக்கவிதை என்றால் வரியை மாற்றத்தான் வேண்டும். எழுதியவர் வேறு ஒருவர் என்றால் மாற்றியதை அவரிடம் காட்டுங்கள்.

விதை வரி ‘மூங்கில் கழியில்’. அதை நான்கு தட்டாக, தட்டுக்கு நான்கு மாத்திரையாக வளர்த்தேன்: மூங்கில் கழியில் ஆடுது பார். ‘ஆடுது’ நான்கு. ‘பார்’ இரண்டுதான், மீதி இரண்டு நீட்டலுக்கு. நெடில் என்பதால் கவலை இல்லை. கணக்குச் சரிதான், ஆனாலும் காதில் ஒட்டவில்லை, மோனை இல்லை. ‘கழியில்’ என்பதை ‘முனையில்’ ஆக்கியதும் மூ, மு என்று இரண்டும் கைகோத்துக்கொண்டன. (பிள்ளைகள் ‘களியில்’ என்று பாடிவிடுவார்கள் என்ற பயத்தில் மாற்றவில்லை. ழகரத்துக்குப் பயந்து தமிழ்ப் பாட்டு எழுதக் கூடாது. பாடப் பாடத்தான் அது நாக்கில் படியும்.) முழுப் பாட்டும் இப்படி வந்தது:

மூங்கில் முனையில் ஆடுது பார்
அம்மா சேலை ஆடுது பார்
மேகம் கறுத்து வருகுது பார்
மேலே ஒருகொடி அசையுது பார்

தத்தகாரத்தில், அதாவது சொல்லுக்குப் பதில் ‘தன, தான’ என்று ஓசையை மட்டும் சொன்னால், முதல் வரி ‘தானன் தனனன் தானன தான்’. கடைசி வரி ‘தானா தனதன தனதன தான்’. முதல் மூன்று வரிகளில் நெடிலும் ஒற்றும் கலந்து நிதானமாக வந்த பாட்டு, கடைசி வரியின் நடுவில் எட்டுக் குறிலாகப் படபடத்துவிட்டு ‘பார்’ என்று நிற்கிறது. கவிதையில் இருந்த துடிப்பை இழக்கவில்லை.

இழந்தது வேறு. ‘பத்தாவது மாடி’ போய்விட்டது. ‘மேலே’ என்ற சொல்தான் இப்போது அந்த உயரத்தைச் சுமக்கிறது. ‘மழைக்கு முன்’ என்பதற்குப் பின் தாளில் இருந்த வெற்றிடமும் போய்விட்டது. ‘பார்’ நான்கு முறை வருகிறது, கவிதையில் ஒரு முறைகூட இல்லை. தாளில் இது பொறுக்க முடியாத மிகை. பாட்டில் அதுதான் கேட்பவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. ஒரே பொருளை இரண்டு ஊடகத்துக்கு எழுதுகிறோம் என்ற தெளிவு இருந்தால் இந்த இழப்பு வலிக்காது. கவிதையைக் கவிதையாகவும் வைத்திருங்கள். நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதித்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.

ஆறாம் படி: மெட்டு

இரண்டாம் படியில் போட்ட கோட்டை எடுங்கள். பேச்சில் குரல் ஏறிய இடத்தில் மெட்டும் ஏறட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மோகனத்தைச் சொல்வேன். ச ரி க ப த என்று ஐந்தே சுரம். எப்படி நகர்ந்தாலும் காதை உறுத்தாது. சீன இசையிலும் இதே ஐந்து சுர அடுக்கு நிறையப் புழங்குவதால், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் கேட்டுத் தலையசைப்பார்.

முதல் வரிக்கு நான் போட்டது:

மூங் கில் | மு னை யில் | ஆ டு து | பார்
க க | ப ப த | ப க ரி | க

இரண்டாம் வரிக்கு:

அம் மா | சே லை | ஆ டு து | பார்
க ரி | ச ரி | க ரி ரி | ச

முதல் வரி காந்தாரத்தில் (க) நிற்கும்போது இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் இருக்கும். இரண்டாம் வரி ஷட்ஜத்துக்கு (ச) வந்ததும் வீட்டுக்கு வந்ததுபோல் ஆகும். கேள்வியும் பதிலும் போல. இந்த ஒரு உத்தியை வைத்தே எத்தனையோ பாட்டுகளுக்கு மெட்டு அமைக்கலாம். மூன்றாம் வரியில் மேகம் வரும்போது மேலே ஏறுங்கள். நான்காம் வரியில் ‘மேலே’ என்ற சொல்லை மேல் ஷட்ஜத்தில் தொடங்கி, ‘ஒருகொடி அசையுது’ என்ற எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு ஒரு சுரம் என்று இறங்கி வாருங்கள். ஒரு எழுத்துக்கு இரண்டு சுரம் கொடுத்தால் கமகம் என்கிற அந்தக் குழைவு அழகாகத்தான் இருக்கும், ஆனால் கொடி திரும்பவும் கோடியாகும்.

எழுதுபவரும் மெட்டுப் போடுபவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. பரிபாடலில் கைக்குக் கிடைத்த 22 பாடல்களில் பலவற்றின் கீழே எழுதிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தனை காலத்துக்கு முன்பே இரண்டு பேருக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். பள்ளி விழாவின் நிகழ்ச்சி நிரலில் நாமும் போட வேண்டும்.

மெட்டு முதலில் வந்துவிட்டால்?

சினிமாவில் பெரும்பாலும் இப்படித்தான். நம் ஊர் விழாக்களிலும் இசைக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் கிட்டாரில் மெட்டை வாசித்துவிட்டு “வரி எழுதித் தாங்க அக்கா” என்பார். அப்போது வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். மெட்டைத் தத்தகாரத்தில் பாடி எழுதிக்கொள்ளுங்கள். நீளும் இடத்தில் ‘தா’, குறுகும் இடத்தில் ‘த’. அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இருக்கிற ‘தனன தான’ வகைக் குறிப்பைப் பாருங்கள், அதே முறைதான். ‘தா’ விழுந்த இடத்துக்கு நெடில் சொல்லைத் தேடுங்கள். மெட்டின் உச்சத்தில் ஆகாரம் வந்தால் பாடுகிறவருக்கு வாய் நன்றாகத் திறக்கும். அங்கே இகரமோ உகரமோ வந்தால் குரல் இறுகும்.

எஸ். ஜேசுதாசனின் ‘முன்னேறு வாலிபா’ என்ற சிங்கப்பூர்த் தமிழ்ப் பாட்டைத் தமிழ் தெரியாத சீன, மலாய்ப் பிள்ளைகளும் பள்ளியில் பாடி வளர்ந்திருக்கிறார்கள். பொருள் தெரியாதவர் வாயிலும் தமிழ்ச் சொல் உட்கார முடியும் என்பதற்கு, இந்த ஊரில் அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஏழாம் படி: தாளைப் பார்க்காதவரிடம் பாடிக்காட்டுங்கள்

இதைத் தவிர்த்ததால்தான் நான் மேடையில் மாட்டிக்கொண்டேன். வரிகளை அறியாத ஒருவரைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்காரவைத்து ஒரு முறை பாடுங்கள். பிறகு “என்ன கேட்டுச்சு, அப்படியே சொல்லுங்க” என்று கேளுங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எல்லாரும் நன்றாக இருந்தது என்றே சொல்வார்கள். அவர் தவறாகச் சொல்லும் சொல் ஒவ்வொன்றும் மெட்டில் எங்கே பிசகு என்று காட்டிக்கொடுக்கும். முதியவர் ஒருவரிடமும், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை ஒருவரிடமும் பாடிக்காட்டினால் போதும். அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் யாருக்கும் புரியும்.

புதிய மெட்டை முதலில் அதே பாட்டியிடம்தான் பாடிக் காட்டினோம். தேக்கா சந்தையிலிருந்து வந்த களைப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடி முடித்ததும், “சேலையா? நான் கொடியில போடுற சேலையா?” என்றார்.

மேடைக்கு இன்னும் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். கவிதையிலிருந்த அந்த வெற்றிடத்தை எப்படியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. பாட்டை மூன்று முறை பாடுவது, மூன்றாம் முறை ‘வருகுது பார்’ முடிந்ததும் நான்கு தட்டுக்குப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கையை மட்டும் மெல்லத் தட்டுவது, அதற்குப் பிறகு கொடி. முதல் ஒத்திகையில் யாராலும் அந்த நான்கு தட்டுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மனத்துக்குள் ‘சிராங்கூன்’ சொல்லுங்கள் என்றேன், ஐந்து வந்து தாளம் தப்பியது. ‘ஈசூன்’ என்று மாற்றினேன். நான்கு ஈசூன், பிறகு மேலே ஒருகொடி.